பொருட்காட்சியும் சிறு வியாபாரமும்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் செய்யப்பட்ட பிரசங்கம்)



பொருட்காட்சிகளில் கடை வைப்பதைப் பற்றிப் பேசும்படி சங்கத்தார் எனக்குக் கட்டளையிட்டார்கள். இவ்விஷயத்தில் நான் பண்டிதனல்லன். ஒருமுறை கையைச் சுட்டுக்கொண்டவன். அந்த அநுபவம் உங்களுக்குப் பயன்படுமென்ற எண்ணத்தாலேயே இங்கு நிற்கத் துணிந்தேன்.

சில வருஷங்களுக்கு முன் எங்கள் மரச்செக்கு எண்ணெயை எடுத்துக்கொண்டு ஒரு நகரத்துப் பொருட்காட்சிக்குச் சென்றேன். கடைவாடகைக்காக என் தமையனாரிடம் கடன் வாங்கினேன். கொண்டுபோன சரக்கு மூன்றாம் நாளே விற்றுத் தீர்ந்தது. பேரானந்தமுற்றேன். அன்று மாலை உணவுவிடுதி முதலாளி ஒருவர் எண்ணெயை முகர்ந்து பார்த்து, மாதந்தோறும் இருபது டின் வேண்டுமென்று கூறித் தம் விலாசத்தைச் சொன்னார். அதை ஒரு துண்டுக் காகிதத்தில் குறித்தேன். கடையைக் கட்டிய அவசரத்தில் அத்துண்டு எங்கோ போயிற்று. ஊர் வந்து கணக்குப் பார்த்தபோது, வாடகை, மின்சாரம், வண்டிக்கூலி, ஆட்கூலி, தங்குஞ்செலவு யாவும் போக நஷ்டமே மிஞ்சியது. வட்டி கட்டுவதற்காக எள் கொள்முதலைக் குறைத்தேன். இரண்டு மாதம் செக்கு நின்றது. அந்த மனிதர் இன்று யாரிடம் எண்ணெய் வாங்குகிறாரோ!

இதிலிருந்து நான் கற்ற பாடம் ஒன்றே. பொருட்காட்சி விற்குமிடமன்று, அறிமுகமாகுமிடம். அங்கே விற்ற சரக்கு அன்றோடு முடிந்துபோகும். அங்கே பெற்ற வாடிக்கையோ வருஷக்கணக்கில் சோறு போடும்.

இதற்குச் சரித்திரத்தில் நல்ல திருஷ்டாந்தம் ஒன்றுண்டு. அமெரிக்காவில் ஹென்றி ஜான் ஹைன்ஸ் என்பவர் 1869ஆம் வருஷத்தில், காரமுள்ள ஒருவகை வேரைத் துருவிச் சீசாக்களில் அடைத்து விற்கலானார். கலப்படத்தை மறைக்கும் நிறச் சீசாக்களில் பிறர் விற்ற காலத்தில், இவர் உள்ளிருப்பது தெரியும்படி தெளிந்த கண்ணாடிச் சீசாவையே உபயோகித்தார். 1875இல் தொழில் முறிந்தது. மறுவருஷமே மீண்டும் தொடங்கினார். 1893இல் சிக்காகோ நகரத்து உலகப் பொருட்காட்சியில் அவருக்குக் கிடைத்த இடம் மாடியில். படியேற ஜனங்களுக்கு மனமில்லை. அவர் இடத்தை நொந்துகொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. தம் கடைக்கு வருவோருக்கு இலவசப் பரிசு உண்டென்று சிறு சீட்டுகள் அச்சிட்டு மைதானமெங்கும் பரப்பினார். ஜனங்கள் மாடிக்குத் திரண்டனர். வந்தவர்களுக்கு ஊறுகாய் வெள்ளரிக்காயின் உருவத்தில் ஒரு சிறு பச்சைப் பதக்கம் கிடைத்தது. அப்பொருட்காட்சியில் அவர் வழங்கிய பதக்கங்கள் 10 லட்சத்துக்கும் மேல். கூட்டத்தின் பாரம் தாங்காது மாடித் தளத்தைப் பலப்படுத்த நேர்ந்ததென்பர்.

நம்மால் பதக்கம் வழங்க இயலாது. ஆயினும் அதன் கருத்தை நாம் கைக்கொள்ளலாம். அந்நியர் தாமாக வரார், அழைக்க வேண்டும். வந்தவர் மறந்துவிடுவார், நினைவுக்கு ஏதேனும் கொடுக்க வேண்டும். இவ்விரண்டுக்கும் அடிப்படையாகச் சரக்கு தெளிந்த கண்ணாடியைப்போல் யோக்கியமாயிருக்க வேண்டும்.

இனி, காரியமுறையைச் சொல்லுகிறேன்.

முதலாவது, எந்தப் பொருட்காட்சியென்று ஆராய்தல். மதுரைச் சித்திரைப் பொருட்காட்சி, சென்னைத் தீவுத்திடல் பொருட்காட்சி போன்றவற்றுக்குக் குடும்பத்தோடு வேடிக்கை பார்க்க வருவோர் அதிகம். அங்கே சிறு பொட்டலம் செல்லும். கோயம்புத்தூர்க் கொடிசியா வளாகத்தில் நடைபெறும் தொழிற்காட்சிகளுக்கோ தொழில் நடத்துவோரே மிகுதியும் வருகிறார்கள். 1980இல் தொடங்கிய தில்லி சர்வதேச வர்த்தகப் பொருட்காட்சி நவம்பர் 14ஆம் தேதி துவங்குவது வழக்கம். முதற் சில நாட்களை வியாபாரிகளுக்கென்றே ஒதுக்குவதும் வழக்கம். நமக்கு வேண்டியவர் எங்கே வருகிறாரோ அங்கேதான் நாம் போக வேண்டும். கடை பிடிக்குமுன் ஒருமுறை பார்வையாளராகச் சென்று வருதல் மிகவும் சிலாக்கியம்.

இரண்டாவது, செலவு. எல்லாச் செலவையும் முன்கூட்டியே எழுதிக் கூட்டிப் பாருங்கள். கடன் வாங்கிக் கடை வைக்க வேண்டாம். உத்யம் பதிவு பெற்ற சிறுதொழிலாளருக்குக் கடைவாடகையில் உதவும் அரசாங்கத் திட்டங்கள் உண்டு. நிபந்தனைகளை மாவட்டத் தொழில் மையத்தில் முன்னதாகவே விசாரித்து விண்ணப்பிக்க வேண்டும்.

மூன்றாவது, கடையில் நடந்துகொள்ளும் விதம். கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்திருப்பவரிடம் எவரும் பேச மாட்டார். நின்றபடி முகமலர்ச்சியோடு வரவேற்க வேண்டும். எண்ணெயானால் ஒரு துண்டு இட்லியில் பொடியோடு குழைத்து ருசி காட்டலாம். நாவறிந்ததை மனம் மறவாது. விலை எழுதியிருக்க வேண்டும். உணவுப்பண்டமானால் உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணும் பொட்டலத்தில் இருக்க வேண்டும். வியாபாரி முதலில் தேடுவது அதைத்தான்.

நான்காவது, யாவற்றிலும் முக்கியமானது, ஒரு நோட்டுப் புத்தகம். வந்தவர் பெயர், ஊர், தொலைபேசி எண், கேட்ட சரக்கு, நாம் கொடுத்த வாக்கு ஆகியவற்றை அவர் முன்னிலையிலேயே எழுதுங்கள். ஊர் திரும்பிய மூன்று நாட்களுக்குள் ஒவ்வொருவரிடமும் பேசுங்கள். ஆறு மாதங்கழித்து, அப்புத்தகத்திலுள்ளோரில் எத்தனைபேர் மறுபடி வாங்கினரென்று எண்ணுங்கள். அவ்வெண்ணிக்கையே பொருட்காட்சியின் லாபநஷ்டக் கணக்கு. எழுதாத கணக்குக்குப் பின்னால் அழுது பயனில்லை.

முடிவாக ஒரு விண்ணப்பம். நம் குடும்பங்களில் அப்பளமிடும் தாய்மார்களும், கைத்தொழில் தொடங்கிய வாலிபர்களும் பலர் உளர். தனியே ஒரு கடைவாடகை அவர்களுக்குச் சுமை. மூவர் நால்வர் கூடி, ஒருவர் சரக்குக்கு மற்றவர் சரக்கு போட்டியாகாதபடி, ஒரே கடையைப் பிடித்துச் செலவைப் பங்கிட்டுக்கொள்ளலாகாதா? இதற்குச் சங்கத்தார் ஏற்பாடு செய்வார்களாயின், முதல் நோட்டுப் புத்தகத்தை நான் வாங்கித் தருகிறேன். துண்டுக் காகிதத்தால் நான் இழந்ததை நம் பிள்ளைகள் இழக்க வேண்டாம்.