துப்பத் தெரிந்தவரின் மது



மாக் மண்டின் தொழிற்பேட்டை வட்டாரத்தில் ஆண்டு விருந்துக்குப் போனவர்களுக்கு இந்தக் காட்சி புதிதாக இருக்காது. மேடையில் ஒருவர் புட்டியைக் குலுக்குகிறார். தக்கை 'டப்' என்று பறக்கிறது. பாதி மது தரையில் ஓடுகிறது. பலத்த கைத்தட்டல்! அந்தப் புட்டிக்குள் இருக்கும் அழுத்தம் கார் டயரில் இருப்பதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். பறக்கும் தக்கை கண்ணைக் கெடுத்துவிடும். தக்கையை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, மறு கையால் புட்டியைத்தான் மெல்லத் திருப்ப வேண்டும். பெருமூச்சு விடுவதுபோல ஒரு சத்தம், அவ்வளவுதான்.

கள் கண்ட சமுதாயத்திற்கு நுரை அதிசயமா என்ன? தென்னங்கள்ளில் பொங்குவதும் சாம்பேனில் பொங்குவதும் ஒரே கரியமில வாயுதான். கள்ளில் அது காற்றோடு போய்விடுகிறது. சாம்பேனிலோ, தயாரான திராட்சை மதுவில் லிட்டருக்குச் சுமார் 24 கிராம் சர்க்கரையும் ஈஸ்டும் சேர்த்து, புட்டியை இறுக மூடிவிடுகிறார்கள். வாயு போக வழியின்றி மதுவிலேயே கரைகிறது. ஆண்டு குறிப்பிடாத சாம்பேன் குறைந்தது 15 மாதமும், ஆண்டு குறிப்பிட்டது 3 ஆண்டும் கிடங்கில் இருந்தாக வேண்டும் என்பது சட்டம். செத்த ஈஸ்டின் வண்டலோடு இப்படிக் கிடப்பதால்தான் வாட்டிய ரொட்டியின் மணம் வருகிறது. பிறகு புட்டியைச் சாய்த்துத் திருப்பித் திருப்பி வண்டலைக் கழுத்துக்கு இறக்கி, உறைய வைத்து, வெளியே தள்ளுகிறார்கள்.

இது வெள்ளைக்காரன் கைக்கு மட்டும் வரும் வித்தை என்று எண்ண வேண்டாம். மகாராஷ்டிராவில், புனே மாவட்டத்து நாராயண்காவில், ஷாம் சௌகுலே என்பவர் 1980களில் இதைச் செய்து காட்டினார். பிரான்சின் பைப்பர் ஹைட்சிக் நிறுவனம் தொழில்நுட்பம் தந்தது. சாம்பேன் என்பது பிரான்சில் உள்ள வட்டாரத்தின் பெயர். வேறு ஊரில் நெய்ததைக் காஞ்சிபுரம் பட்டு என்று விற்க முடியுமா? ஆகவே 'ஒமர் கய்யாம்' என்று பெயர் சூட்டி வெளிநாடுகளுக்கு அனுப்பினார். 2008க்குப் பிறகு அவருடைய இண்டாஜ் நிறுவனம் கடனில் மூழ்கிப் போனது. அளவுக்கு மீறிய விரிவாக்கம். வித்தை மூழ்கவில்லை. நாசிக்கில் சூலாவும் ஷாண்டோனும் இதே முறையில் செய்கின்றன.

சரி, ருசிப்பது எப்படி? மது 8 முதல் 10 டிகிரி குளிர்ச்சியில் இருக்க வேண்டும். அகன்ற தட்டுக் கிண்ணம் வேண்டாம், மணம் பறந்துவிடும். வாய் குறுகிய கிண்ணம் நல்லது. முதலில் குமிழியைப் பார்க்க வேண்டும். பிறகு முகர வேண்டும். ஒரு வாய் எடுத்து நாக்கில் உருட்டினால் புளிப்பு தெரியும், குமிழி ஊசியாய்க் குத்துகிறதா, பஞ்சாய்க் கரைகிறதா என்பதும் தெரியும்.

அதற்குப் பிறகு, துப்பிவிட வேண்டும்!

ஆம், மது ருசிப்போர் பக்கத்தில் எப்போதும் ஒரு வாளி இருக்கும். கள்ளும் சம்சுவும் தோட்டத்துக் குடும்பங்களை என்ன பாடு படுத்தின என்பதை அறிந்தவர்களுக்கு, வாயில் வைத்த மதுவைத் துப்பும் தொழில் ஒன்று இருப்பது வேடிக்கையாகத் தோன்றலாம். "காசு கொடுத்து வாங்கியதைத் துப்புவதா?" என்று கேட்பவர்களும் உண்டு. ஒரே நாளில் பல பத்து மதுக்களை மதிப்பிடுபவர் அத்தனையையும் விழுங்கினால், மதியத்திற்குள் அவர் நாக்கு மரத்துவிடும். பிற்பகலில் வரும் நல்ல மதுவுக்கு அவரிடம் நியாயம் கிடைக்காது.