பூனைக்காலியும் பேட்டரியும்

இன்றைய கதை சென்னையில் புறப்பட்டுப் பிரான்சுக்குப் போனது.

பூனைக்காலிக் காயின் சுணை உடம்பில் பட்டால் அரிப்புத் தாங்காது. அதன் விதையிலிருந்து 1937இல் தாமோதரன், ராமசாமி என்ற இருவர் சென்னையில் லெவோடோபாவைப் பிரித்தெடுத்தார்கள். அது எந்த நோய்க்கு மருந்தாகும் என்பது அப்போது யாருக்கும் தெரியாது.

இருபது ஆண்டு கழித்து, ஸ்வீடனில் அர்விட் கார்ல்சன் முயல்களுக்கு ரெசர்பின் கொடுத்தார். ரெசர்பின் நம் சர்ப்பகந்தா வேரில் கிடைப்பது. முயல்கள் அசைவற்றுக் கிடந்தன. டோபா செலுத்தியதும் எழுந்து நடமாடின! மூளையில் டோபமின் என்ற வேதிப்பொருள் வற்றினால் உடல் முடங்கும் என்ற உண்மைக்கு அங்கே வழி திறந்தது.

பார்க்கின்சன் எனும் நடுக்குவாதத்தில் வற்றுவதும் அதே டோபமின்தான். அதை நேராகக் கொடுத்தால் ரத்தத்திலிருந்து மூளைக்குள் புகாது. லெவோடோபா புகும்; உள்ளே போய் டோபமினாக மாறும். ஆனால் ஆண்டுகள் ஓட ஓட, ஒரு மாத்திரையின் பலன் அடுத்த வேளை வருமுன்பே இறங்கிவிடுகிறது. பலன் இருக்கும் நேரத்திலோ உடம்பு தானாக நெளிகிறது.

1987இல் கிரனோபிள் நகரில் அலிம் லூயி பெனாபித், மூளைக்குள் செலுத்திய மெல்லிய கம்பி வழியே வேகமான மின்துடிப்புகளை அனுப்பி நடுக்கத்தை அடக்கிக் காட்டினார். இன்று நெஞ்சுத் தோலுக்கடியில் ஒரு பேட்டரி இருந்துகொண்டு, நொடிக்குச் சுமார் 130 துடிப்புகளை அனுப்புகிறது.

கம்பி வைத்துவிட்டால் மாத்திரையே வேண்டாம் என்று நம்பி வருகிற குடும்பங்கள் உண்டு. அப்படியல்ல. அறுவைக்கு முன்பே மாத்திரையைத்தான் சாட்சிக்கு அழைக்கிறார்கள். முதல்நாள் இரவே அதை நிறுத்தி, காலையில் நடையையும் விறைப்பையும் விரல் அசைவையும் மதிப்பிடுவார்கள். பிறகு மாத்திரை கொடுத்து, மறுபடி மதிப்பிடுவார்கள். மாத்திரைக்கு இளகும் விறைப்பு மின்சாரத்துக்கும் இளகும். மாத்திரைக்கு மசியாத தள்ளாட்டம் பெரும்பாலும் மின்சாரத்துக்கும் மசியாது. நடுக்கம் மட்டும் விதிவிலக்கு. மாத்திரை தோற்ற இடத்திலும் மின்சாரம் அதை அடக்குவதுண்டு.

அறுவைக்குப் பின் மின் அளவைக் கூட்டிக்கொண்டே மாத்திரையைக் குறைப்பார்கள். பலருக்கு ஏறத்தாழப் பாதியாகிவிடும். பழைய அளவே தொடர்ந்தால் இரண்டும் சேர்ந்து நெளிவை அதிகமாக்கும். அவசரப்பட்டு வெட்டினால், எதிலும் நாட்டமில்லாத சோர்வு வந்து ஒட்டிக்கொள்ளும். இரண்டும் ஒரு நிதானத்துக்கு வரச் சில மாதங்கள்கூட ஆகும்.

இந்த வேளையில் வீட்டார் மறைக்கக்கூடாத ஒன்று இருக்கிறது. நாட்டு மருந்தாகப் பூனைக்காலி விதைப்பொடி சாப்பிடுகிறவர்கள் அதை டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். அந்தப் பொடியிலும் லெவோடோபாதான் இருக்கிறது.