நம் சுவரில் யார் ஒட்டுகிறார்கள்?

(பழைய மாணவர் சங்க ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"யாருக்காவது பயன்படுகிற மாதிரி பேசுப்பா" என்று செயலாளர் அவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட்டார். ஆகவே பெரிய தலைப்புகளைப் பெரியவர்களுக்கு விட்டுவிட்டு, இங்கே உள்ள ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் கைப்பையிலும் இருக்கும் ஒரு தொல்லையைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். கைப்பேசியில் கூப்பிடாமலே வந்து நிற்கிறதே விளம்பரம், அதைப் பற்றித்தான்.

"இது ஒரு விஷயமா சார், குறுக்குக் கோட்டை அழுத்தி மூடிட்டுப் போக வேண்டியதுதானே" என்று சிலர் நினைக்கலாம். மூடத் தெரிந்தவர்களுக்குச் சரி. தெரியாதவர்கள் நம் எல்லோர் வீட்டிலும் இருக்கிறார்கள் இல்லையா? அவர்களை நினைத்துத்தான் பேசுகிறேன்.

முதலில் நம் ஊர்க் கதை ஒன்று. பிரெஞ்சு நாட்டில் 1881-ஆம் ஆண்டு ஜூலை 29-ஆம் தேதி ஒரு சட்டம் வந்தது. அச்சுத் தொழிலுக்கும் பத்திரிகைக்கும் சுதந்திரம் தந்த சட்டம் அது. தன் குடியேற்றப் பகுதிகளுக்கும் பொருந்தும் என்று அந்தச் சட்டமே சொல்லியிருந்தது. ஆகவே அன்றைய புதுச்சேரிக்கும் அது சட்டம். சுவரொட்டிகளைப் பற்றியும் அதிலே விதிகள் உண்டு. அரசாங்க அறிவிப்புக்கென்று ஒதுக்கிய இடத்தில் தனியார் ஒட்டக் கூடாது. வெள்ளைக் காகிதம் அரசாங்க அறிவிப்புக்கு மட்டுமே. தேர்தல் சுவரொட்டியைக் கிழித்தால் தண்டனை. ஆனால் கிழித்தவரின் சொந்தச் சுவரில் அது ஒட்டப்பட்டிருந்தால் தண்டனை இல்லை!

என்ன அழகான விதி பாருங்கள். பேசுகிறவனுக்கும் சுதந்திரம் உண்டு, சுவருக்குச் சொந்தக்காரனுக்கும் உரிமை உண்டு. பின்னாளில் நம் யூனியன் பிரதேசத்திலும் பொது இடங்களை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்க 2000-ஆம் ஆண்டில் தனிச் சட்டம் வந்தது. சட்டம் இருந்தும் பேனர்கள் எப்படி நிற்கின்றன என்று நான் சொல்ல வேண்டியதில்லை, நீங்கள் இங்கே வரும்போதே பார்த்திருப்பீர்கள்.

கைப்பேசியும் ஒரு சுவர்தான். பதினைந்தாயிரமோ இருபதாயிரமோ கொடுத்து நாம் வாங்கிய சுவர். அதில் ஒட்டியதைக் கிழிக்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஆனால் பொறியாளர்களாகிய நமக்கு ஒரு பழக்கம் உண்டு. மின்சாரம் போய்விட்டால் எடுத்த எடுப்பில் ஒயரைப் பிடுங்க மாட்டோம். பழுது எந்த இடத்தில் என்று முதலில் தேடுவோம். அதே மாதிரி, இந்தச் சுவரில் ஒட்டுகிறவன் யார் என்று கண்டுபிடித்தால் பாதி வேலை முடிந்தது. ஒட்டுகிறவர்கள் ஐந்து வகை.

முதல் வகை, தொலைபேசி வழியாக வருகிறவர்கள். குறுஞ்செய்தியும் அழைப்பும். இதற்கு மருந்து 1909 என்ற எண். ஆங்கிலத்தில் 'ஸ்டார்ட்' என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு, சுழியம் சேர்த்து 1909-க்கு அனுப்பினால் எல்லா வகை வணிக விளம்பரத்தையும் மறுத்ததாகப் பதிவாகும். அந்த எண்ணுக்கு அழைத்தும் சொல்லலாம். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2018-இல் கொண்டு வந்த விதிகளை 2025 பிப்ரவரியில் திருத்தியது. அதன்படி, தொல்லை வந்த 7 நாட்களுக்குள் புகார் தரலாம், முன்பு 3 நாள்தான். பதிவு செய்யாமல் அனுப்புகிறவர்கள் மேல் நிறுவனம் 5 நாட்களுக்குள் நடவடிக்கை எடுக்க வேண்டும், முன்பு 30 நாள். இத்தகையவர்கள் மேல் புகார் சொல்ல நாம் முன்கூட்டிப் பதிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இப்போது இல்லை.

இன்னொரு சின்னக் குறிப்பு. குறுஞ்செய்தி அனுப்பியவர் பெயரின் கடைசியில் ஒரு ஆங்கில எழுத்து இருக்கும். 'பி' என்றால் விளம்பரம், 'எஸ்' என்றால் சேவை, 'டி' என்றால் பணப் பரிமாற்றம் போன்றவை, 'ஜி' என்றால் அரசு. அழைப்பு 140 என்று தொடங்கினால் விளம்பரம். இதை வீட்டில் உள்ளவர்களுக்குச் சொல்லி வையுங்கள்.

இரண்டாவது வகை, நாமே நிறுவிய செயலிகள். சாப்பாடு வரவழைக்க ஒன்று, துணி வாங்க ஒன்று. சாப்பாடு வந்துவிட்டது, ஆனால் அது நம்மை விடுவதில்லை. "பசிக்குதா?" என்று மத்தியானம் மூன்று மணிக்குக் கேட்கும். அந்த அறிவிப்பின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் அதை நிறுத்தும் வழி அங்கேயே வரும். 2017-இல் வந்த ஆண்ட்ராய்டு 8 முதல் அறிவிப்புகளை வகை பிரிக்கும் வசதி இருக்கிறது. செயலி ஒழுங்காகப் பிரித்து வைத்திருந்தால், 'ஆர்டர் வந்துவிட்டது' என்பதை வைத்துக்கொண்டு 'தள்ளுபடி' என்பதை மட்டும் அணைக்கலாம். 2022-இல் வந்த ஆண்ட்ராய்டு 13 முதல் புதிதாக நிறுவும் செயலி நம்மிடம் கேட்டுத்தான் அறிவிப்பு அனுப்ப முடியும். கேட்கும்போது யோசித்துச் சொல்லுங்கள், அவ்வளவுதான்.

மூன்றாவது வகை, இணையத்தில் எதையோ தேடப் போன இடத்தில் 'அனுமதி' என்று நாம் தட்டிவிட்ட தளங்கள். "உங்கள் போனில் 13 வைரஸ்" என்று பயமுறுத்தும் செய்தி பெரும்பாலும் இந்த வழியாகத்தான் வரும். ஒன்றை உறுதியாகச் சொல்கிறேன். ஒரு இணையப் பக்கத்தால் உங்கள் போனின் உள்ளே புகுந்து வைரஸ் எண்ண முடியாது. குரோமின் செட்டிங்ஸில் நோட்டிஃபிகேஷன்ஸ் பகுதிக்குப் போனால், எந்தெந்தத் தளத்துக்கு அனுமதி தந்திருக்கிறோம் என்று பட்டியல் இருக்கும். தெரியாத பெயரையெல்லாம் அணைத்துவிடலாம்.

நான்காவது வகைதான் மோசமானது. திரை முழுவதும் மறைத்துக்கொண்டு, எந்தச் செயலியும் திறக்காதபோதே குதிக்கிற விளம்பரம். இங்கே ஒரு பெரியவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் இருக்கிறார், பஞ்சாலையில் முப்பது வருடம் உழைத்து ஓய்வு பெற்றவர். மகள் பாரீசில். சாயங்காலம் ஆனால் மகளும் பேத்தியும் வீடியோவில் வருவார்கள், அதுதான் அவருக்கு நாளின் முக்கிய வேளை. ஒரு நாள் அந்த வைரஸ் பயமுறுத்தலைப் பார்த்து, 'சுத்தம் செய்யும் செயலி' என்று ஒன்றை நிறுவிவிட்டார். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிந்தது. அழைப்பு வரும்போதெல்லாம் பச்சைப் பொத்தானுக்கு மேலே ஒரு விளம்பரம் வந்து உட்கார்ந்துகொண்டது. எடுக்கப் போனால் ஏதோ ஒரு விளையாட்டுக்குள் போய் விழுவார். நான்கு நாள் மகளோடு பேச முடியவில்லை. அந்தப் பெண் பயந்துபோய்ப் பக்கத்து வீட்டுக்கு அழைத்து, "அப்பாவுக்கு ஒண்ணும் இல்லையே?" என்று அழுதிருக்கிறது.

என்னிடம் போனைக் கொண்டு வந்தவர் சொன்னது இதுதான்: "தம்பி, எனக்குத்தான் இதெல்லாம் தெரியலப்பா. வயசாயிடுச்சு." அதைக் கேட்கத்தான் எனக்கு மனசு கஷ்டமாக இருந்தது. "இல்ல மாமா, உங்க மேல தப்பு இல்ல. உங்களை ஏமாத்தணும்னே உட்கார்ந்து யோசிச்சுச் செஞ்சிருக்காங்க" என்றேன்.

இது மிகைப்படுத்தல் அல்ல. 2019-இல் லுக்கவுட் என்ற பாதுகாப்பு நிறுவனம் 238 செயலிகளுக்குள் ஒரே விளம்பர நிரல் ஒளிந்திருந்ததைக் கண்டுபிடித்தது. அந்தச் செயலிகள் மொத்தம் 44 கோடி முறைக்கு மேல் நிறுவப்பட்டிருந்தன. போன் உறங்கிக்கொண்டிருக்கும்போதும் விளம்பரம் காட்டும். நிறுவியவுடன் காட்டாது, குறைந்தது ஒரு நாள் கழித்துத்தான் ஆரம்பிக்கும். ஏன்? எதனால் வந்தது என்று நமக்குத் தெரியக் கூடாது என்பதற்காகத்தான், வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை. 2020 பிப்ரவரியில் கூகுள், இப்படி இடையூறு செய்த ஏறத்தாழ 600 செயலிகளைத் தன் கடையிலிருந்து நீக்கியது.

கண்டுபிடிக்கும் வழி இது. விளம்பரம் குதித்தவுடன், அண்மையில் திறந்தவற்றைக் காட்டும் பொத்தானை அழுத்துங்கள். அதைக் காட்டிய செயலியின் பெயரோ படமோ பெரும்பாலும் அங்கே தெரியும். தெரியாவிட்டால் செட்டிங்ஸில் 'டிஸ்ப்ளே ஓவர் அதர் ஆப்ஸ்' என்ற பட்டியலைப் பாருங்கள். மற்றவற்றின் மேல் ஏறி உட்கார அனுமதி பெற்றவை எல்லாம் அங்கே இருக்கும். டார்ச் லைட்டுக்கும் சுத்தம் செய்யும் செயலிக்கும் அந்த அனுமதி எதற்கு? கடைசி வழி 'சேஃப் மோட்'. அதில் நாம் நிறுவிய செயலிகள் இயங்கா. தொல்லை அப்போது நின்றால், குற்றவாளி நாம் நிறுவியதில்தான் இருக்கிறான். கடைசியாக நிறுவியதிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்க வேண்டியதுதான். அந்தப் பெரியவர் போனில் பத்து நிமிட வேலை.

ஐந்தாவது வகை, போனைச் செய்தவர்களே ஒட்டுவது. இதில் ஒளிவு மறைவு இல்லை. ஷாவ்மி நிறுவனம் 2018-இல், பொருள் விற்பதில் நிகர லாபம் 5 சதவீதத்தைத் தாண்டாது என்று பகிரங்கமாக அறிவித்தது. அதன் வருமானத்தில் இணைய சேவையும் விளம்பரமும் ஒரு பகுதி. ஆக, விலை குறைந்த போனில் மீதிப் பணத்தை நம் கண்கள் கட்டுகின்றன. அணைக்க வழியும் வைத்திருக்கிறார்கள், கொஞ்சம் உள்ளே தள்ளி. அந்த வகைப் போன்களில் 'எம்.எஸ்.ஏ.' என்ற பெயரில் இருப்பதன் அனுமதியை ரத்து செய்யலாம். பூட்டிய திரையில் படமும் செய்தியும் காட்டும் 'க்ளான்ஸ்' போன்றவற்றை, பூட்டுத் திரை அமைப்புகளில் அணைக்கலாம்.

இவை போக, எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒன்று. போன் எந்த விளம்பரத்தையும் கொண்டுவரும் முன், அந்த விளம்பரக் கிடங்கின் முகவரியை ஒரு முகவரிப் புத்தகத்தில் கேட்கும். அதுதான் டி.என்.எஸ். 2018-இல் வந்த ஆண்ட்ராய்டு 9 முதல் 'பிரைவேட் டி.என்.எஸ்.' என்ற வசதி உண்டு. விளம்பரத் தடுப்புச் சேவை ஒன்றின் பெயரை அங்கே தட்டிவிட்டால், விளம்பரக் கிடங்கின் முகவரி கேட்கும்போது "அப்படி ஒரு வீடே இல்லை" என்று பதில் வரும். யூடியூபில் இது பலிக்காது, ஏனென்றால் அங்கே விளம்பரமும் காட்சியும் ஒரே வீட்டிலிருந்து வருகின்றன. மேலும், இந்தச் சேவைக்கு நீங்கள் போகும் இடமெல்லாம் தெரியும் என்பதால் நம்பகமானதாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

அத்தோடு, செட்டிங்ஸில் 'ஆட்ஸ்' பகுதியில் உள்ள விளம்பர அடையாள எண்ணை அழித்துவிடுங்கள். ஐபோனில் 'டிராக்கிங்' கோரிக்கையை அணையுங்கள். இதனால் விளம்பரம் குறையாது. உங்களைப் பின்தொடர்வது குறையும்.

அந்தப் பெரியவருக்குப் பணம் போகவில்லை, அது நல்ல காலம். எல்லோருக்கும் அப்படி அமைவதில்லை. அப்படி யாருக்காவது நேர்ந்தால் நேரம் கடத்தாமல் 1930-க்கு அழையுங்கள். சீக்கிரம் சொன்னால் பணத்தை நிறுத்தி வைக்க வாய்ப்பு அதிகம்.

இனி மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்களில் பலர் நாளைக்குச் செயலி எழுதுவீர்கள். அந்தக் குறுக்குக் கோட்டை எவ்வளவு சின்னதாக வரைவது, எந்த மூலையில் ஒளிப்பது என்று ஒரு நாள் உங்கள் மேலாளர் உங்களிடம் கேட்பார். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30-இல் இப்படிப்பட்ட 13 தந்திரங்களைப் பட்டியலிட்டுத் தடை செய்திருக்கிறது. மாறுவேடமிட்ட விளம்பரமும் ஓயாமல் நச்சரிப்பதும் அதில் உண்டு. அந்த வட்ட மேசையில் "சார், இது சட்டப்படி கூடாது" என்று சொல்ல ஒரு பொறியாளர் இருந்தால் போதும். அந்த ஆள் நம் கல்லூரிப் பிள்ளையாக இருக்கட்டும்.

நான் விளம்பரத்துக்கு விரோதி அல்ல. நம் கடற்கரைச் சாலையில் மாலை ஆறு மணிக்கு மேல் வண்டி விடுவதில்லை. வண்டி மேல் யாருக்கும் பகை கிடையாது, நடக்கிறவர்களுக்கு இடம் வேண்டும், அவ்வளவுதான். உங்கள் கையில் உள்ள இந்த மலரிலும் விளம்பரங்கள் இருக்கின்றன. அவை இல்லாவிட்டால் மலரே இல்லை. ஆனால் அந்த மளிகைக் கடையும் அச்சகமும் தங்கள் பக்கத்திலேயே அடக்கமாக நிற்கின்றன. என் உரையின் மேல் ஏறி உட்காரவில்லை, நீங்கள் பக்கம் புரட்டினால் தடுக்கவும் இல்லை. இடம் தெரிந்து நிற்கிற விளம்பரத்துக்கு நாமும் மரியாதை கொடுப்போம்.

ஆகவே இந்தச் சந்திப்பு முடிந்து ஊருக்குப் போனதும் ஒரே ஒரு வேலை செய்யுங்கள். அப்பா அம்மாவின் போனை வாங்கி, அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, நான் சொன்ன ஐந்தையும் ஒரு முறை பாருங்கள். பிடுங்கிச் சரிசெய்து கொடுத்துவிடாதீர்கள், காட்டிக் கொடுங்கள். அடுத்த முறை அவர்களே கிழித்துக்கொள்வார்கள்.