அரணும் அறுவடையும்



நாஞ்சில் நாட்டு மண்ணிலே நின்றுகொண்டு மங்கோலியரைப் பற்றிப் பேசுகிறானே, இவனுக்கு ஊர்க்கதை தெரியாதோ என்று கேட்பீர்கள். தெரியும். தெரிந்ததனால்தான் பேசுகிறேன். ஆரல்வாய்மொழிக் கணவாயின் கதையும் சீனப் பெருஞ்சுவரின் கதையும் ஒன்றுக்கொன்று உறவுடையவை. இடம் வேறு, வேந்தர் வேறு, கொடி வேறு. ஆனால் இரண்டிலும் நொந்தவன் ஒருவனே, அவன்தான் உழவன்!

வடக்கே புல்வெளி, தெற்கே வயல்வெளி. புல்வெளியிலே குதிரை, வயல்வெளியிலே கதிர். குதிரைக்காரன் கதிரைக் கண்டான், கண் வைத்தான். கி.மு. 198இல் ஆன் பேரரசு, சியோங்னு நாடோடிகளுக்குப் பட்டும் தானியமும் கொடுத்து, அரசகுலப் பெண்ணையும் அனுப்பி, அமைதியை விலைக்கு வாங்கிற்று. 1211இல் செங்கிசுகான் வட சீனத்துச் சின் பேரரசின்மீது பாய்ந்தான். 1215இல் இன்றைய பெய்சிங் அவன் காலடியில் வீழ்ந்தது. 1279இல் அவன் பேரன் குப்ளாய்கான் சீனம் முழுவதற்கும் அதிபதியானான். 1368இல் மிங் அரசர் மங்கோலியரை வடக்கே விரட்டினர். 1449இல் புல்வெளித் தலைவன் எசென், மிங் பேரரசனையே சிறைபிடித்துச் சென்றான். ஒருவர் முறை மாற்றி மற்றவர் முறை!

செங்கிசுகானுக்குப் பின் வந்த ஒகதாயின் அவையிலே ஒரு யோசனை எழுந்தது. "இந்தச் சீன உழவர்களால் நமக்கு என்ன பயன்? ஊர்களைக் காலி செய்து மேய்ச்சல் நிலமாக்கிவிடலாம்!" என்றனர் சிலர். யெலூ சூத்சாய் என்ற அமைச்சர் தடுத்தார். அறநூல் ஓதித் தடுத்தாரா? இல்லை, கணக்குக் காட்டித் தடுத்தார்! உழவனை உயிரோடு விட்டால் ஆண்டுக்கு 5 இலட்சம் வெள்ளிக் கட்டி, 80 ஆயிரம் பட்டுச் சுருள், 4 இலட்சம் மூட்டைத் தானியம் வரும் என்றார். உழவன் பிழைத்தான், உயிர் என்பதற்காக அன்று, வரி என்பதற்காக! பேரரசின் பார்வையிலே மனிதனுக்கு உள்ள மதிப்பு இவ்வளவே.

இனி நம் நாட்டுக்கு வருவோம். பழையாறு பாயும் நாஞ்சில் நாடு நெல்லுக்குப் பெயர் பெற்றது. மேற்கே வேணாடு, கிழக்கே பாண்டிநாடு, இடையே ஆரல்வாய்மொழி என்னும் வாயில். அந்த வாயிலருகே முப்பந்தல் என்றோர் ஊர். இன்று அங்கே காற்றாலைகள் சுழல்கின்றன. மூவேந்தரும் மூன்று பந்தலிட்டுக் கூடிய இடம் அது என்பது மரபுவழிச் செய்தி. பந்தலிட்டுக் கூடினார்களோ இல்லையோ, படையெடுத்து வந்தார்கள் என்பதற்குச் சான்று உண்டு. 8ஆம் நூற்றாண்டிலே பாண்டியன் படை விழிஞம் வரை சென்றது. பின்னர் இராசராசன் வந்தான். கோட்டாறு மும்முடிச் சோழநல்லூர் ஆயிற்று. 11ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள் முதற் குலோத்துங்கன் வந்தான், கோட்டாறு தீக்கிரையாயிற்று. அதன்பின் அங்கேயே சோழரின் நிலைப்படை அமர்ந்தது.

மேடையிலே மூவேந்தர் புகழ் முழங்கும் என் தோழர்களே, இங்கே உங்களை ஒன்று கேட்கிறேன். கோட்டாற்றை எரித்தவனும் தமிழன். எரிந்த வீட்டுக்கு உரியவனும் தமிழன். நீங்கள் கைதட்டுவது யாருக்கு? கலங்கொண்டு கடல் கடந்தான் என்றால் மார்பு நிமிர்த்துகிறோம். நெருப்புக் கொண்டு நம் ஊருக்குள் நுழைந்தான் என்றால் பேச்சை மாற்றுகிறோம். இது வரலாறா, விளம்பரமா?

கதை அத்துடன் முடியவில்லை. 1635இல் திருமலை நாயக்கரின் படை வந்தது. கணியாகுளத்துப் போரில் வேணாட்டு அமைச்சர் இரவிக்குட்டிப் பிள்ளை வீழ்ந்தார். அவரைப் பாடிய கதைப்பாடல் இன்றும் இருக்கிறது. அந்தப் படைகளின் கால்பட்டு அழிந்த பயிருக்கு எந்தப் பாடல் உண்டு?

அரண் கட்டினால் தீருமா? மிங் அரசர் மலைமேல் மதில் எழுப்பினர். 1644இல் அவர்களுடைய தளபதி வூ சங்குயியே சான்காய் வாயிலைத் திறந்து மஞ்சு படையை உள்ளே விட்டான். ஆரல்வாய்மொழியிலும் அரண் இருந்தது. 1809 பிப்ரவரி 10இல் ஆங்கிலப் படை இரவோடிரவாக மலைப்பக்கம் ஏறி அதைக் கைப்பற்றிற்று. வேலுத்தம்பியின் கிளர்ச்சியும் அடுத்த சில வாரங்களில் முடிந்தது. கல்லால் கட்டிய அரண், இரு திசைகளிலும் அவ்வளவுதான்!

இடையிலே அகப்பட்ட மக்களின் கதி என்ன? புல்வெளியில் சுங்கார் என்ற மங்கோலிய இனத்தார் சீனத்துச் சிங் பேரரசோடு பல்லாண்டு மோதினர். 1755 முதல் 1759 வரை நடந்த போர்களில் பேரரசன் சியென்லுங் அவர்களைத் துடைத்தெறிந்தான். 10 பேரில் 4 பேர் அம்மையால், 3 பேர் வாளால் மாண்டனர், 2 பேர் அயல்நாட்டுக்கு ஓடினர் என்று பிற்காலச் சீன அறிஞர் வெய் யுவான் கணக்கிட்டார். அவர்களுடைய நிலத்துக்கோ 'புதிய எல்லை' என்று பெயர் சூட்டினர். சிஞ்சியாங் என்பதன் பொருள் அதுதான். ஆளையும் அழித்தனர், ஊரின் பெயரையும் அழித்தனர்!

நாஞ்சில் நாட்டார் அப்படி அழியவில்லை. ஏன்? 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலே, ஒருபுறம் நாயக்கர் படையின் கொள்ளை, மறுபுறம் வேணாட்டு அதிகாரிகளின் வரிக்கொடுமை. அப்போது நாட்டார் கூடினர். முறையற்ற வரி கொடுப்பதில்லை என முடிவெடுத்தனர். வேந்தனுக்கு அஞ்சாமல் அதை ஓலையிலும் எழுதிவைத்தனர். வாளில்லை, குதிரையில்லை, கூடி எடுத்த முடிவு ஒன்றே அவர்களுடைய படை! குலோத்துங்கனைத் தெரிந்த நமக்கு அந்த நாட்டார் கூட்டம் தெரியவில்லையே, அது யார் குற்றம்? மேடை ஏறும் நம் குற்றமன்றோ!

அந்த மரபுதான் பின்னாளில் மீண்டும் எழுந்தது. 1954 ஆகஸ்டு 11இல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிக் குண்டுக்கு நெஞ்சு கொடுத்தவர்கள் மன்னர்களல்லர், எளிய மக்கள். 1956 நவம்பர் 1இல் அகத்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் கன்னியாகுமரி மாவட்டமாகத் தமிழகத்தோடு இணைந்தன. ஆயிரம் ஆண்டுகளாகப் படைகள் முட்டிமோதிய ஆரல்வாய்மொழி, அன்றுமுதல் இரு நாடுகளின் எல்லையாக இல்லை. மதிலால் ஆகாததை மக்கள் செய்து முடித்தனர்.

ஆகவே தோழர்களே, அடுத்த கூட்டத்தில் பேரரசர் பெயரை உரைக்குமுன், அந்த வாள் எந்த ஊரின் கதிரை அறுத்தது என்று கேளுங்கள். கோட்டாற்றுத் தீயைப் பேசுங்கள், கணியாகுளத்து வயலைப் பேசுங்கள், கூடி முடிவெடுத்த நாட்டாரைப் பேசுங்கள். முடிசூடியவரின் பட்டியல் ஏட்டிலே பத்திரமாக இருக்கும். முடிவெடுத்த மக்களின் கதையைக் காப்பாற்ற நம் நாக்கைத் தவிர வேறு அரண் இல்லை!