பென்ஷனுக்குப் பிறகும் டீச்சர்

(ஆசிரியர் தினத்தன்று நம் குடியிருப்புக் கூடத்தில் பேசியது)

ஓய்வுபெற்ற டீச்சர் பாட்டிகள் பலர் முன்வரிசையில் இருக்கிறீர்கள். உங்கள் முன்னால் ஒரு டீச்சரைப் பற்றிப் பேசக் கொஞ்சம் பயம்தான்.

சகோதரி சுப்புலட்சுமி. பாடகி எம்.எஸ். அல்ல, இவர் வேறு. 1886-ல் மயிலாப்பூரில் பிறந்தார். சிறுமியாக இருக்கும்போதே கல்யாணம், சீக்கிரமே விதவை. அந்தக் காலத்தில் அப்படிப்பட்ட பெண்ணுக்கு வீட்டு மூலைதான். பெற்றோர் படிக்க வைத்தார்கள். 1911-ல் சென்னை மாநிலக் கல்லூரியில் பட்டம். பிறகு, தம்மைப் போன்ற சிறுமிகளைச் சேர்த்து விடுதி நடத்தினார். இன்றைய விவேகானந்தர் இல்லம், அன்றைய ஐஸ் ஹவுஸ், அவர்கள் தங்கிப் படித்த இடம். பலர் ஆசிரியைகள் ஆனார்கள். சொந்தப் பிள்ளை கிடையாது. ஆனால் அந்தப் பெண்களின் பேரப்பிள்ளைகளுக்கெல்லாம் அவரும் பாட்டிதானே?

நானும் பென்ஷன் வாங்குகிறவன். அதனால் எனக்குப் பிடித்தது அடுத்த பகுதி. அரசு வேலையில் ஓய்வு பெற்றவர் சாய்வு நாற்காலி தேடவில்லை. 1942-ல் வயது வந்த பெண்களுக்கு மயிலாப்பூரில் பள்ளி தொடங்கினார். அப்புறம் தாம்பரம் பக்கம் மாடம்பாக்கம் கிராமத்தில் பெண்கள், குழந்தைகளுக்கான சமூகநல மையம் அமையவும் உதவினார். 1958-ல் பத்மஸ்ரீ. 1969-ல் காலமானார்.

ஏற்காட்டில் காபி எஸ்டேட் பிள்ளைகள் எத்தனை பேர்! சனிக்கிழமை மாலையில் இந்தக் கூடம் சும்மாதான் கிடக்கிறது. பாடம் சொல்லித்தர முடிந்தவர்கள் செயலாளரிடம் பெயர் கொடுங்கள். வருகைப் பதிவேடு, நோட்டு, பேனா செலவுக் கணக்கு என் பொறுப்பு.