கண்ணாடி காட்டாத முதுகு
(தொலைக்காட்சி மன்றத்தில் ஆற்றிய உரை)



உடற்பயிற்சிக்கூடத்துக்குப் புதிதாகச் செல்லும் இளையர் பலர் நெஞ்சையும் புஜத்தையும்தான் முதலில் வளர்க்கப் பார்க்கிறார்கள். கண்ணாடியில் தெரிவது அவைதாமே! முதுகு தெரிவதில்லை, அதனால் பின்தங்கிவிடுகிறது.

சிங்கப்பூரில் இன்னொரு காரணமும் உண்டு. தேசிய சேவையாளர்களின் உடலுறுதிச் சோதனையில் முன்பு கம்பியில் தொங்கி உடலை மேலே இழுக்கும் சின்-அப் இருந்தது. 2015-இல் நடப்புக்கு வந்த முறையில் தண்டால், சிட்-அப், 2.4 கிலோமீட்டர் ஓட்டம் ஆகிய மூன்று மட்டுமே. சோதனைக்காக மட்டும் பயிற்சி செய்பவர் தள்ளுகிறார், இழுப்பதே இல்லை. முதுகு வளர்வதோ இழுப்பதால்தான்.

ஆகவே, எந்த இயந்திரம் நல்லது என்று கேட்பதைவிட, எந்த அசைவு விடுபட்டிருக்கிறது என்று பாருங்கள். மூன்று அசைவுகள் போதும்.

முதலாவது, மேலிருந்து இழுப்பது. புல்-அப் இந்த வகை. அக்குளிலிருந்து இடுப்புவரை விசிறிபோல் விரிந்த தசை இதில் உழைக்கிறது. முதுகுக்கு அகலம் கிடைக்கிறது. ஒன்றுகூட முடியவில்லையா? உறுதியான முக்காலியில் ஏறிக் கம்பியைப் பிடித்து, 5 வினாடி எடுத்து மெல்ல இறங்கிப் பழகுங்கள். பல அடுக்குமாடிக் குடியிருப்புகளின் கீழேயே கம்பி இருக்கிறது, கட்டணமும் இல்லை.

இரண்டாவது, முன்னாலிருந்து இழுப்பது. துடுப்பு வலிப்பதைப் போன்றது. ஒரு கையையும் முழங்காலையும் பெஞ்சில் ஊன்றி, மறு கையால் டம்பெல்லை இடுப்பை நோக்கி இழுங்கள். தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே உள்ள தசைகள் தடிக்கும்.

மூன்றாவது, இடுப்பை மடக்கி நிமிர்ந்து எடையைத் தூக்கும் டெட்லிஃப்ட். முதுகெலும்பின் இருபுறமும் ஓடும் தசைகளுக்கு வலு சேர்ப்பது. வீம்பும் இங்கேதான் தலைதூக்கும். நண்பர் தூக்குகிறார் என்பதற்காக நாமும் தூக்கக் கூடாது. தூக்கும்போது முதுகு கூனினால் உடனே எடையைக் குறையுங்கள்.

ஒவ்வொன்றிலும் 3 சுற்று, சுற்றுக்கு 8 முதல் 12 முறை, வாரம் 2 நாள். புல்-அப் அவ்வளவு வராவிட்டால் முடிந்தவரை செய்யுங்கள். கடைசி இரண்டு முறை சிரமமாக இருக்க வேண்டும். 12 எளிதானால் எடையைச் சற்றே கூட்டலாம். உலகச் சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும், பெரியவர்கள் வாரத்துக்கு 2 நாளாவது தசை வலுவூட்டும் பயிற்சி செய்யச் சொல்கிறது. எனவே இது இளையருக்கு மட்டுமான செய்தி அன்று. முதுகுவலியோ கால் மரத்துப்போதலோ உள்ளவர்கள் முதலில் மருத்துவரைப் பாருங்கள்.

பெரிய முதுகு சட்டைக்கு அழகு, உண்மைதான். ஆனால் அரிசி மூட்டையை வீட்டுக்குச் சுமக்கவும், படுக்கையிலிருக்கும் தாயைத் தாங்கி உட்காரவைக்கவும் ஒருநாள் தேவைப்படுவது வலுவான முதுகு. அதை இன்றே வளர்க்கத் தொடங்குவோம்.