பாதிக்கப்பட்டவரின் விருப்பமே முதல் படி

பாலியல் வன்முறைக்கு ஆளானவர் எதை இழந்தார், அவருக்கு இப்போது என்ன தேவை, அதைச் செய்து தர வேண்டியவர் யார் என்ற கேள்விகளிலிருந்து தொடங்குவது மறுசீரமைப்பு நீதி. குற்றம் செய்தவர் தன் செயலை ஒப்புக்கொள்ள வேண்டும், அதன் விளைவுகளைப் பாதிக்கப்பட்டவரின் வாயாலேயே கேட்க வேண்டும், ஈடு செய்வதற்கு உழைக்க வேண்டும் என்பது இதன் அடிப்படை. 1974இல் கனடாவில் சொத்துச் சேத வழக்கு ஒன்றில் தொடங்கிய இந்த முறை, பாலியல் குற்றங்களுக்கு மிகத் தயக்கத்தோடுதான் கொண்டுவரப்பட்டது. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் பேராசிரியர் மேரி காஸ் 2003 முதல் 2007 வரை நடத்திய திட்டத்தில், பாதிக்கப்பட்டவர் மனமுவந்து சம்மதித்தால் மட்டுமே சந்திப்பு நடந்தது. அதற்கு முன் இரு தரப்புக்கும் தனித்தனியே ஆயத்தம் உண்டு. சந்திப்புக்குப் பின் குற்றம் செய்தவர் ஓராண்டு கண்காணிப்பில் இருந்தார்.

கோவில்பட்டி, கழுகுமலை, எட்டயபுரம் சுற்றிய கரிசல் காட்டு ஊர்களில் இதற்கு நேர்மாறான ஒன்று நெடுங்காலமாக இருக்கிறது: ஊர்ப் பஞ்சாயத்து. ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பிய மானாவாரி நிலம் இது. மழை பொய்த்தால் தீப்பெட்டி ஆபீஸ் கூலிதான் வீட்டைக் காக்கும். அந்தக் கூலியைக் கொண்டுவருபவர்களில் பெரும்பாலோர் பெண்கள். வேலை கொடுப்பவரும், கடன் கொடுத்தவரும், பஞ்சாயத்தில் உட்காருபவரும் ஒரே உறவுக்காரர்களாக இருக்கும் ஊரில், ‘பேசி முடிச்சிரலாம்’ என்ற சொல்லை மறுப்பது ஒரு பெண்ணுக்கு எளிதல்ல. அபராதம் ஊர்ப் பொதுவுக்குப் போகும். சில இடங்களில் கெடுத்தவனுக்கே கட்டிவைக்கும் யோசனை வரும். அவளை யாரும் கேட்பதில்லை. இதை மறுசீரமைப்பு என்று அழைப்பது அநீதி. இங்கே சீர்செய்யப்படுவது ஊரின் மானம் மட்டுமே.

சட்டத்தின் நிலை தெளிவானது. இத்தகைய கட்டப்பஞ்சாயத்துகள் முற்றிலும் சட்டவிரோதம் என்று ஆறுமுகம் சேர்வை வழக்கில் 2011 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அறிவித்தது. ஆனால் ‘பேசி முடிக்கும்’ அந்தச் சிந்தனை நீதிமன்றத்துக்குள்ளேயும் நுழைந்ததுண்டு. 2015 ஜூனில் கடலூர் மாவட்ட வழக்கு ஒன்றில், வல்லுறவுக் குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டவர் பாதிக்கப்பட்ட பெண்ணோடு சமரசம் பேசுவதற்காகச் சென்னை உயர் நீதிமன்றம் அவருக்கு இடைக்கால ஜாமீன் வழங்கியது. அந்தப் பெண் சமரசத்தை வெளிப்படையாக மறுத்தார். ஜூலை முதல் தேதி மத்தியப் பிரதேச வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம், வல்லுறவு வழக்கில் எந்த வகைச் சமரசத்துக்கும் இடமில்லை என்று தீர்ப்பளித்தது. அதே மாதத்தில் உயர் நீதிமன்றம் தன் ஆணையைத் திரும்பப் பெற்றது.

சமரசத்துக்குச் சட்டமே வழிவிட்ட ஓர் இடம் உண்டு. வல்லுறவுக்கு அல்ல, பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு. 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 10ஆம் பிரிவு, விசாரணைக்கு முன் இணக்கப் பேச்சுக்கு அனுமதிக்கிறது. ஆனால் அதைப் பாதிக்கப்பட்ட பெண்தான் கேட்க வேண்டும். பணம் அதன் அடிப்படையாக இருக்கக் கூடாது. பஞ்சாயத்து பணத்தில்தான் தொடங்குகிறது, பெண்ணைக் கடைசியில்கூடக் கேட்பதில்லை. இந்த ஒரு பிரிவு இரண்டுக்கும் உள்ள தூரத்தைக் காட்டிவிடுகிறது. பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் சிறு தீப்பெட்டிப் பட்டறையில் புகார்க் குழு இருக்காது. அங்குள்ள பெண்கள் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் புகார் தரலாம்.

தண்டனையும் ஈடுசெய்தலும் சேர்ந்தே வர முடியும் என்பதற்குத் தமிழ்நாட்டில் பெரிய சான்று தர்மபுரி மாவட்டத்து வாச்சாத்தி. 1992 ஜூன் 20 அன்று சந்தனக்கட்டை தேடுவதாகச் சொல்லி அந்தப் பழங்குடி ஊருக்குள் நுழைந்த வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் 18 பெண்களை வல்லுறவுக்கு உள்ளாக்கினர். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் வழக்கு முடியுமுன் இறந்துபோயினர். மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்று 2011 செப்டம்பரில் தர்மபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டை விசாரித்த உயர் நீதிமன்ற நீதிபதி பி. வேல்முருகன் ஊருக்கே நேரில் சென்று பார்த்த பின், 2023 செப்டம்பர் 29இல் அந்தத் தண்டனைகளை உறுதி செய்தார். பாதிக்கப்பட்ட ஒவ்வொரு பெண்ணுக்கும் 10 லட்சம் ரூபாய், அதில் பாதி குற்றவாளிகளிடமிருந்தே வசூல், வேலை அல்லது சுயதொழில், ஊரின் வாழ்க்கைத்தரத்தை உயர்த்த அரசு செய்ததைத் தெரிவித்தல் என்பன ஆணையில் அடங்கும். அப்போதைய மாவட்ட ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், மாவட்ட வன அதிகாரி மீதும் நடவடிக்கை எடுக்கச் சொன்னது தீர்ப்பு. எவரும் மனமுவந்து ஒப்புக்கொண்டு வந்ததல்ல இது. 31 ஆண்டுகள் போராடிப் பெற்றது. எனினும் அந்தப் பெண்கள் சொன்னது பொய்யல்ல என்று அரசின் நீதிமன்றமே பதிவு செய்ததற்கு எந்தத் தொகையும் ஈடாகாது.

பிழைத்தவர்கள் கேட்பது பலநேரம் எளியவை: வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்ற தகவல், துணைக்கு ஒருவர், மருத்துவம், பாதுகாப்பு. இவை இன்று உரிமைகள். புலன் விசாரணையின் முன்னேற்றத்தைப் பாதிக்கப்பட்டவருக்குக் காவல்துறை 90 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும் என்கிறது 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா. குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்ட வழக்கில் குழந்தைக்கு உதவுநர் ஒருவரை நியமிக்க விதிகள் உண்டு. அரசு, தனியார் மருத்துவமனை எதுவானாலும் சிகிச்சை இலவசம். தேசியச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் 2018ஆம் ஆண்டுத் திட்டப்படி வல்லுறவுக்கு ஆளான பெண்ணுக்கு 4 முதல் 7 லட்சம் ரூபாய் வரை இழப்பீடு கிடைக்கும். வழக்கு முடியுமுன்னரே ஒரு பகுதியை இடைக்காலமாகப் பெறலாம். குற்றவாளி யாரென்று கண்டுபிடிக்க முடியாத வழக்கிலும் விண்ணப்பிக்கலாம்.

கோவில்பட்டியிலிருந்து, வழக்குக்குப் போக வேண்டிய தூத்துக்குடி ஏறத்தாழ 60 கிலோமீட்டர். ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு நாள் கூலி போகிறது. அதனால்தான் பலர் ஊர்ப் பேச்சுக்கே இணங்கிவிடுகிறார்கள். சட்ட உதவியும் இழப்பீட்டு விண்ணப்பத்துக்கான வழிகாட்டலும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கட்டணமின்றிக் கிடைக்கும். சட்ட உதவிக்கான எண் 15100. பெண்களுக்கான உதவி எண் 181, குழந்தைகளுக்கானது 1098. தெரிந்த பெண் ஒருவரைப் பேசி முடிக்கச் சொல்லி யாரேனும் அழைத்தால், முதலில் இந்த எண்களை அவர் கையில் கொடுங்கள்.